நண்பர் என்று போட்டிருக்கிறாய்

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். நானும் கடையும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறோம். அல்லாஹ் அந்த அளவுக்கு வைத்திருக்கிறான். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கொழுந்தனார் வந்தார். உன் மச்சான் இறந்த பிறகு வாராவாரம் வந்து எட்டிப் பார்க்கிறார், அதில் குறை சொல்ல மாட்டேன். நான் ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதனை செய்துகொண்டிருந்தேன். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

"படிங்க அண்ணி. பள்ளிவாசல்ல எல்லாருக்கும் குடுத்தாங்க. நான் சொன்னா கேக்க மாட்டீங்க. உங்க தம்பி சொன்னா கேப்பீங்கல்ல?"

அட்டையில் 'தமிழாக்கம்' என்று போட்டு உன் பெயர். முதலில் பெருமையாகத்தான் இருந்தது, போ. பிறகு அவர் விரல் வைத்த இடத்தைப் படித்தேன். நமக்கு முன்னால் வேதம் பெற்ற மதத்தாரை நீங்கள் இன்னதாக ஆக்கிக்கொள்ளாதீர்கள் என்று வருகிற வசனம். அந்த 'இன்னது' இருக்கும் இடத்தில் நண்பர் என்று போட்டிருக்கிறாய்.

"குருவி கடையில வேலை பாக்கட்டும், நான் குறுக்க நிக்கல. மாடியில உங்களோட ஒரே வீட்ல எதுக்கு? நாலு பேரு என்னத்தான் கேக்குறாங்க" என்றார்.

நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நம்மோடு இருக்கிறவளைச் சொல்கிறார். குருவி பின்னால் இயந்திரத்தில் லென்ஸ் விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரைச்சலில் காதில் விழுந்திருக்காது என்று நினைத்தேன். சாயங்காலம் பார்த்தால் புத்தகம் அவள் கையில். சர்ச்சுக்குக் கிளம்பியவள் அப்படியே உட்கார்ந்து முழுதும் படித்துவிட்டாள். "தம்பி நல்லாத்தான் எழுதுறான், தப்பே இல்ல" என்றாள். எழுத்துப்பிழையைச் சொன்னாளா, வேறு எதையாவது சொன்னாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்தச் சொல்லை நீதான் போட்டாயா, அச்சுக்கூடத்தில் யாராவது மாற்றினார்களா? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உன் நலம் வேண்டும்,
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். முதுகும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? அசதி என்று எழுதியிருந்தாயே, ரத்தப் பரிசோதனை செய்து பார். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. பதிப்பகத்தில் மூன்று பேர் பார்த்த வேலையை இப்போது நான் ஒருவன் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் பேனாவைப் பார்க்கவே பிடிப்பதில்லை.

சொல்லை நான்தான் போட்டேன். மூலத்தில் இருப்பது அவுலியா. நம் வீடுகளில் அவுலியா என்றால் தர்காவில் அடங்கியிருக்கும் பெரியவர் என்றுதான் தெரியும். அதன் ஒருமை வலீ. நிக்காஹ் நடக்கும்போது பெண்ணுக்கு வலீ யார் என்று கேட்பார்களே, அதே சொல்தான். பெண்ணுக்குப் பொறுப்பான ஆள் யார் என்று கேட்கிறார்களே தவிர, பெண்ணின் சிநேகிதன் யார் என்றா கேட்கிறார்கள்? கேட்டால் அந்தக் கல்யாணம் நடந்த மாதிரிதான். ஆகவே நண்பர் என்பது சரியான சொல் இல்லை. பழைய தமிழாக்கங்கள் சிலவற்றில் அப்படி இருந்தது. முதலாளி தலைமாட்டில் நின்று அவசரப்படுத்தினார், போட்டுவிட்டேன்.

இப்போது கையில் இருப்பது தலையணை கனத்தில் ஒரு புத்தகம். மாற்று மதத்தாரோடு எப்படி வாழ்வது என்று இந்தக் காலத்து முஸ்லிம் சிந்தனையாளர்கள் எழுதிய கட்டுரைகள். அதில் ஒருவர் இந்த ஒரு சொல்லுக்காகவே ஒரு முழுக் கட்டுரை எழுதியிருக்கிறார். வசனம் வந்தது போர்க்காலம். தன் கூட்டத்தைக் கைவிட்டு எதிர்க்கூட்டத்திடம் போய்ப் புகலிடம் தேடுவதைத்தான் அது தடுக்கிறது, அக்கம்பக்கத்து நட்பை இல்லை என்கிறார். கொழுந்தனாரிடம் இதைச் சொல். அவர் புரிந்துகொள்ளக்கூடியவர்தான்.

குருவி அக்காவைக் கேட்டதாகச் சொல்.

என்றும் உன்,
தம்பி


மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். நான் நலம். ரத்தத்தை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நீ எழுதியதைக் கொழுந்தனாரிடம் வரி விடாமல் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அச்சுல இருக்கறத நம்பவா, கடுதாசில இருக்கறத நம்பவா அண்ணி?" என்றார். அவர் நியாயமாகத்தானே கேட்கிறார்? ஊருக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று என்று நீ எழுதினால் நான் எதைத் தூக்கிக்கொண்டு யாரிடம் சண்டைக்குப் போவது? கல்யாணப் பெண்ணின் சிநேகிதன் விஷயத்துக்கு மட்டும் அவர் சிரித்துவிட்டார். சிரித்ததற்கு உடனே வருத்தப்பட்ட மாதிரியும் இருந்தது.

குருவியை யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளாகவே கடைக்குப் பின்னால் ஃப்ரேம் பெட்டிகள் அடுக்கும் அறையில் பாயையும் போர்வையையும் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். "மாடியில புழுக்கமா இருக்கு" என்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் "இப்பத்தான் ஆச்சு" என்கிறாள். எங்கே ஆச்சு, எப்போது ஆச்சு? பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொல்வதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நேற்று லென்ஸைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அந்த வார்த்தைய எழுதும்போது அவனுக்கு என் ஞாபகம் வந்துச்சா?"

அவள் உன்னிடம் அர்த்தம் கேட்கவில்லை, தம்பி. வலீயும் அவுலியாவும் அவளுக்கு எதற்கு? பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை என்று நீ அழுதுகொண்டு வந்த நாளிலிருந்து உன் மூக்கில் நிற்கும் கண்ணாடி ஒவ்வொன்றும் அவள் கையால் தேய்த்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் அந்தச் சொல்லையும் எழுதியிருப்பாய். அவளுக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுது. நாலு வரி போதும்.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். உன் உடல்நிலையைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதவே மாட்டாயா? இங்கே வெயில், வேலை, வெயில்.

குருவி அக்காவுக்கு எழுத உட்கார்ந்தேன். அதற்குள் பிழை திருத்த வேண்டிய மெய்ப்புத் தாள்கள் வந்து குவிந்துவிட்டன. கட்டாயம் எழுதுகிறேன்.

அதற்குள் கொழுந்தனாரிடம் சொல்ல உனக்கு இன்னும் சில விஷயங்கள் தருகிறேன். இந்தப் புத்தகத்தில் ஒரு சட்டப் பேராசிரியர், உங்களோடு போருக்கு வராதவர்களிடம் நன்மையும் நீதியுமாக நடக்கச் சொல்லும் வசனம்தான் அடித்தளம், மற்றவை எல்லாம் அந்தந்த நேரத்துக்கு வந்தவை என்கிறார். இன்னொருவர் கேட்கிறார்: வேதம் பெற்ற மதத்துப் பெண்ணை மணக்க அனுமதி இருக்கிறதே, கட்டிய மனைவிமேல் பிரியம் வைக்காமலா குடும்பம் நடத்துவது, அப்படியானால் பிரியத்தைத் தடுத்திருக்க முடியுமா? இதைப் படித்தபோது நன்றாகச் சொன்னார் என்று வாய்விட்டுச் சொன்னேன். வேறொருவர் சிறுபான்மையாக வாழ்கிற நாட்டிலிருந்து எழுதுகிறார். பழைய தீர்ப்புகள் எல்லாம் நாம் ஆண்ட காலத்தில் எழுதியவை, இப்போது பக்கத்துப் பக்கத்துக் குடிமக்கள், அவர்கள் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்வது வெறும் மரியாதை என்கிறார். ஒரு பெண்மணி, யாருக்கு மறுமையில் மீட்சி என்று நாம் தீர்ப்புச் சொல்வதை நிறுத்தினாலே பாதிச் சண்டை ஓயும் என்கிறார்.

கறாரானவர் ஒருவரும் இருக்கிறார். கொடுக்கல் வாங்கலில் நேர்மை, கஷ்டத்தில் உதவி எல்லாம் யாருக்கும் செய்யலாம், ஆனால் மனசின் நெருக்கம் நம்மவர்களோடு மட்டும்தான் என்கிறார். பொல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. அந்நியப் படை வந்து நின்ற ஊரில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். வரிக்கு வரி பயம் தெரிகிறது.

குருவி அக்காவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


ஏப்ரல் 30

தம்பி,

ஸலாம். நலம், நலமறிய ஆவல், எல்லாம் சேர்த்து எழுதியதாக வைத்துக்கொள்.

அவர் இப்படிச் சொல்கிறார், இவர் அப்படிச் சொல்கிறார். கண் பரிசோதனைக்கு வந்த ஆளை உட்காரவைத்து லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கிறாய். எது தெளிவாக இருக்கிறது என்று அந்த ஆளும் சொல்ல மாட்டேன் என்கிறான். ஏனென்றால் அந்த ஆளே நீதான். எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நீ என்னடா சொல்கிறாய்?

குருவி இரண்டு தெரு தள்ளி ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். காலையில் கடை திறக்கும்போது வருகிறாள், சாத்தும்போது போகிறாள். "போயிட்டு வரேங்க்கா" என்று வாடிக்கையாளர் மாதிரி சொல்லிவிட்டுப் போகிறாள். கொழுந்தனாருக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் வந்து காலியான அறையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சீக்கிரமா போகணும்னு நான் சொல்லலியே" என்று முணுமுணுத்தார். என்ன மனிதர்களோ, நீங்கள் எல்லாரும்.

மாடிப்படி ஏறினால் நடுவில் ஒரு தடவை உட்கார வேண்டியிருக்கிறது. வயசாகிறது இல்லையா? இதற்காக ஒன்றும் நீ பதறிக்கொண்டு வர வேண்டாம். விடுப்புக் கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் பரவாயில்லை.

அவளுக்குக் கடிதம் வரவில்லை. தபால்காரர் வரும்போதெல்லாம் இயந்திரத்தை நிறுத்துகிறாள்.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் திட்டுவதற்கு முன்னால் உள்ளே வைத்திருக்கும் அச்சுத்தாளைப் பார்.

முதலாளியோடு மூன்று மாதமாக மல்லுக்கட்டினேன். "போன புத்தகத்துல நண்பர்னு இருக்கு, இதுல வேற மாதிரி போட்டா வாசகர் குழம்புவாங்க" என்று ஒரே பிடி. ஐயா, நண்பர் என்றே போட்டால் இந்தக் கட்டுரை முழுதும் 'நண்பர் என்றால் நண்பர் அல்ல' என்று வரும், படிக்கிறவன் நம் இருவரையும் பைத்தியம் என்பான் என்றேன். கடைசியில் அவரே அலுத்துப்போய், "என்னமோ போட்டுத் தொலை" என்று கையெழுத்துப் போட்டார்.

இனி அந்தச் சொல் 'பாதுகாவலர்'. அவர்களைப் பாதுகாவலராக ஆக்கிக்கொள்ளாதீர்கள் என்றுதான் வசனம். உங்கள் பொறுப்பை, உங்கள் சாவியை, உங்கள் உயிரை அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள் என்று கட்டுரையாளர் விளக்குகிறார். நட்புக்கு எந்தத் தடையும் இல்லை. முந்தைய புத்தகத்தில் இருந்தது தவறு என்று அடிக்குறிப்பும் சேர்த்திருக்கிறேன். இப்போது அச்சிலேயே வந்துவிட்டது. கொழுந்தனாரிடம் காட்டு. குருவி அக்காவிடமும் காட்டு, மாடிக்கே திரும்பி வரச் சொல்.

எனக்குக் கண் எரிகிறது, தூக்கம் போதவில்லை. ஆனால் மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது.

தம்பி


ஜூலை 20

தம்பிக்கு,

ஸலாம். நான் நலம்.

அச்சுத்தாளைக் காட்டினேன். கொழுந்தனார் இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை அடிக்குறிப்பையும் சேர்த்துப் படித்தார். பிறகு தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.

"அண்ணி, நண்பர்னு இருந்தப்பவாவது வாதாடலாம். சும்மா பேச்சுத் துணைதான், சிநேகிதம் இல்லன்னு சொல்லலாம். இப்ப உங்க தம்பி தெளிவாவே எழுதிட்டாரு. பொறுப்ப குடுக்காதே, சாவிய குடுக்காதேன்னு. கடை சாவி யார்கிட்ட இருக்கு?"

சாவி குருவியிடம் இருக்கிறது. என்றைக்கும் அவளிடம்தான். நான் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவேன் என்று உன் மச்சானே அவளிடம் கொடுத்தது.

உன் மச்சான் இறந்தபோது நீ வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. அது உன் தப்பில்லை, பயணம் அப்படி. அந்த இரண்டு நாளும் நான் எந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன் என்றுகூட எனக்கு நினைவில்லை. யாருக்குச் சொல்ல வேண்டும், யாரை உள்ளே விட வேண்டும், நான் எப்போது தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் பார்த்தவள் அவள். பிறகு நான் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருந்து முடிக்கும்வரை கடையைத் தனியாளாக நடத்தியவள். எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைப்பவள். இப்போது சொல், இவளுக்கு உன் புத்தகத்தில் என்ன பெயர்?

நண்பர் என்றால்கூட எப்படியோ ஒதுங்கித் தப்பித்திருப்பாள். நீ தேடித் தேடி அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி சரியான சொல்லைக் கண்டுபிடித்துவிட்டாய். இந்த உலகத்தில் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் ஒரே ஆள் அவள்தான். அதைத்தான் கூடாது என்று போட்டிருக்கிறாய், அடிக்குறிப்போடு.

உன்மேல் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருக்கிறது. தாளை அவளிடம் காட்டவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு சமாதானம் தோன்றியது. அந்தச் சொல் அரசியலைக் குறிக்கிறது, தனி மனிதரை இல்லை என்று ஒருவர் இதே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அதை எடுத்துப் பாதி எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். நீ கேட்டது அவரை இல்லை.

எனக்குத் தெரியவில்லை, அக்கா. இந்த ஏழு மாதமாக இத்தனை பேர் எழுத்தை வரி வரியாகத் தமிழில் கொண்டுவந்திருக்கிறேன். அவர்கள் எல்லாரும் நல்லவர்கள், படித்தவர்கள், மெனக்கெட்டு யோசித்தவர்கள். எல்லாரும் 'அவர்களோடு நாம்' என்றுதான் தொடங்குகிறார்கள். குருவி அக்காவை நான் எந்தப் பக்கத்தில் வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். புத்தகம் இன்னும் முழுதாக அச்சேறவில்லை. அந்தச் சொல் வரும் பக்கங்களை மட்டும் அச்சுக்கூடத்திலிருந்து திரும்ப வாங்கிவைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். போன கடிதத்தில் உன் எழுத்து ஏன் இப்படிச் சரிந்துகொண்டே போகிறது? முதல் பக்கத்தில் நேராக இருக்கிறது. கடைசிப் பத்தியில் பேனாவைப் பிடிக்கவே முடியாத மாதிரி இருக்கிறது. உனக்கு என்ன செய்கிறது?

தம்பி


செப்டம்பர் 6

தம்பிக்கு,

ஸலாம். கண்டுபிடித்துவிட்டாய். ஊரார் எழுத்தைப் படித்துப் படித்து அக்காவின் எழுத்தையும் படிக்கக் கற்றுக்கொண்டாய் போலிருக்கிறது, சந்தோஷம்.

வயிற்றில் ஒரு கட்டி. ஜனவரியிலிருந்தே வலி. இவ்வளவு நாள் இழுத்ததற்கு டாக்டர் அம்மா திட்டித் தீர்த்துவிட்டாள், இனி உன் பங்குக்கு நீ வேறு வேண்டாம். வருகிற பதினாறாம் தேதி ஆபரேஷன். கொஞ்சம் பெரியது என்கிறார்கள். பயமாக இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஆபரேஷனுக்கு முன்னால் நெருங்கிய சொந்தம் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். நடுவில் ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று அந்த ஆள்தான் முடிவு சொல்ல வேண்டுமாம். கொழுந்தனார், "நான் போடுறேன் அண்ணி, இது என் கடமை" என்றார். மனசாரத்தான் சொன்னார். குருவிதான் போடுவாள் என்றேன். அவர் முகம் தொங்கிப்போய்விட்டது.

"இதுக்கு மேலயா அண்ணி?" என்றார்.

"ஆமா, இதுக்கு மேலதான். அவ போடலன்னா நான் படுக்கமாட்டேன்" என்றேன்.

பாதுகாவலர் என்ற உன் சொல்லை வைத்தே செய்கிறேன். தெரிந்துதான் செய்கிறேன். அல்லாஹ்விடம் கேள்வி வந்தால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு இவளை அனுப்பியவன் அவன்தானே?

வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே.

அக்கா


செப்டம்பர் 21

தம்பி,

குருவி எழுதுகிறேன். முதலில் விஷயம். அக்கா நன்றாக இருக்கிறாள். கட்டியை எடுத்துவிட்டார்கள், பரிசோதனையில் கெட்டது ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. நேற்றிலிருந்து கஞ்சி குடிக்கிறாள், நர்சுகளை விரட்டுகிறாள். உனக்கு எழுதச் சொன்னது அவள்தான். அவளுக்கு இன்னும் உட்கார முடியவில்லை. நீயும் நலம் என்று நினைக்கிறேன்.

உனக்கு எழுதி எனக்குப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பதினாறாம் தேதி காலையில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, நர்ஸ் ஒரு தாளை நீட்டினாள். என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்திலேயே 'நோயாளிக்கு நீங்கள் யார்' என்று ஒரு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. கூட்டாளி என்று போடலாமா, சிநேகிதி என்று போடலாமா? அந்தச் சின்னப் புத்தகம் ஞாபகம் வந்தது. அக்கா காட்டவே மாட்டேன் என்று மறைத்துவைத்திருந்தாளே ஒரு தாள், அதையும் நான் படித்திருந்தேன். எந்தச் சொல்லைப் போட்டாலும் அவளுக்குப் பாவமாகிவிடுமோ என்று கை வரவில்லை. "சீக்கிரம்மா, தியேட்டர்ல காத்திருக்காங்க" என்றாள் நர்ஸ். தங்கை என்று எழுதிவிட்டேன்.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். மேலே அக்கா பெயர், கீழே என் பெயர். இரண்டையும் பார்த்தாலே தெரியாதா? என் கழுத்தில் கிடந்த சிலுவையையும் பார்த்தாள். "சொந்தத் தங்கச்சியா?" என்று கேட்டாள். எனக்குப் பொய் வராது, உனக்குத் தெரியும்.

பின்னால் பெஞ்சில் உன் அக்காவின் கொழுந்தனார் உட்கார்ந்திருந்தார். விடியலிலேயே வந்துவிட்டார், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து வந்தார். போச்சு, இவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"ஆமாம்மா. எங்க அண்ணியோட தங்கச்சிதான். சீல் போட்டு உள்ள அனுப்புங்க" என்றார்.

அப்புறம் பெஞ்சில் எனக்குக் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தார். டாக்டர் வெளியே வரும்வரை அவர் அவருடையதை ஓதினார், நான் என்னுடையதைச் சொல்லிக்கொண்டேன். டாக்டர் நல்ல சேதி சொன்னதும் அவர் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றி முதலில் எனக்குத்தான் கொடுத்தார். விளிம்புவரை நிரப்பி நீட்டியதில் என் சேலையில் பாதி கொட்டிவிட்டது.

அந்தச் சின்னப் புத்தகம் வந்த புதிதில், எழுதும்போது உனக்கு என் ஞாபகம் வந்ததா என்று உன் அக்காவிடம் கேட்டேன். அவள் உனக்கு எழுதியிருப்பாள். அதற்கு நீ இப்போது பதில் சொல்ல வேண்டாம். பழசு.

குருவி


செப்டம்பர் 28

அன்புள்ள குருவி அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்மேல் சாந்தி உண்டாகட்டும், உன் கைக்கும் உன் இயந்திரத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

உன் கடிதத்தை அலுவலகத்தில் நின்றபடியே படித்தேன். முடிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. பக்கத்து மேசைக்காரர் என்ன என்று கேட்டார். அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றேன். அப்படியானால் கடிதம் எழுதியது யார் என்று கேட்டார். இன்னொரு அக்கா என்றேன்.

நீ கேட்டது எனக்குப் பழசு இல்லை. பதில் சொல்கிறேன். அந்தச் சொல்லை எழுதும்போது உன் ஞாபகம் வரவில்லை. துளிகூட வரவில்லை. வசனத்தில் சொல்லப்படுகிறவர்கள் எங்கோ தொலைவில் இருக்கிறவர்கள், நீ எங்கள் வீட்டில் இருக்கிறவள் என்று இருந்துவிட்டேன். நான் எழுதுவது ஒருநாள் உன் கவுண்டரில் வந்து விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும். அதற்கு யார் கட்டுரையிலும் எனக்குச் சமாதானம் கிடையாது.

நான் என்ன சொல்கிறேன் என்று அக்கா சித்திரையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளிடம் சொல். கொழுந்தனார் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து சொன்னாரே, அதையேதான் நானும் சொல்கிறேன். புத்தகத்தில் அந்த இடத்தில் தமிழ்ச் சொல் எதையும் போடவில்லை. அரபுச் சொல்லை அப்படியே விட்டுவிட்டேன். முதலாளி, யாருக்கும் புரியாது என்று கத்தினார். எனக்கே இன்னும் முழுசாகப் புரியவில்லை ஐயா என்றேன். விடுப்பும் கேட்டேன். சம்பளம் இல்லாமல் போ என்றார், வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. மாற்று மதத்தாரான அவர்களுக்கு நாம் முந்திக்கொண்டு ஸலாம் சொல்லலாமா என்று இந்தப் புத்தகத்தில் ஒரு தனிக் கட்டுரை இருக்கிறது. சிலர் கூடாது என்கிறார்களாம், சிலர் தாராளமாகச் சொல்லலாம் என்கிறார்களாம். நான் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை. உனக்குச் சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை வண்டியில் வந்து இறங்குகிறேன். பதில் ஸலாமை நீ நேரில் சொல்.

உன் தம்பி